கிளிப் பெடலோடு ஜம்ப் போகலாமா?

வாசகர் கேள்வி, 2024 மார்ச் 2

ஒரு வருஷமாக, ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளிப் பெடலில்தான் மலைச் சைக்கிள் ஓட்டுகிறேன். மேடு ஏற அருமையாக இருக்கிறது. இப்போது சிங்கப்பூரின் உபின் தீவில் கேத்தாம் ட்ரெயிலில் சின்னச் சின்ன ஜம்ப் போக ஆசை. கூட வரும் அண்ணன்கள், 'காலைக் கட்டிக்கொண்டு பறக்காதே, பூட்டே இல்லாத ஃப்ளாட் பெடலுக்கு மாறு' என்கிறார்கள். கிளிப்போடு பாதுகாப்பாக ஜம்ப் போக வழியே இல்லையா? ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, முழுசாகக் குறைத்துவிட்டால் போதாதா?

2024 மார்ச் 2, இரவு

வழி இருக்கிறது. ஆனால் டென்ஷனை முழுசாகக் குறைக்காதீர்கள், அது வேறு ஆபத்து. அதைப் பிறகு விளக்குகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள் தம்பி: ஃப்ளாட் பெடலில் ஜம்ப் போகத் தெரியுமா? தெரியாது என்றால் அண்ணன்கள் பேச்சைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை, முடிவு சரிதான். கால் மாட்டிக்கொள்ளும் என்ற பயத்தைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஜம்ப்பில் கிளிப் செய்யும் பெரிய கெடுதல் வேறு. சைக்கிளைக் காலால் இழுத்துத் தூக்க அது இடம் கொடுத்துவிடுகிறது.

2024 மார்ச் 3

நேற்று அவசரமாக எழுதினேன். இழுப்பதில் என்ன தப்பு என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஜம்ப்பின் மேடு வளையத் தொடங்கும் இடத்தில் முழங்காலும் முழங்கையும் மடங்கி, உங்கள் எடை முழுக்கப் பெடலில் இறங்க வேண்டும். விளிம்பு நெருங்கும்போது கால்களை நீட்டித் தரையை அழுத்த வேண்டும். அந்த அழுத்தம்தான் உங்களை மேலே அனுப்புகிறது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டியதும் கைகள் இளகலாம், கால்கள் இளகக் கூடாது. பின்சக்கரம் தாண்டும் வரை பாதம் பெடலை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கிளிப்பிலேயே பழகியவர் இந்த இடத்தில்தான் கெட்டுப்போவார். முன்சக்கரம் கிளம்பிய உடனே அனிச்சையாகக் குதிகாலை மேலே இழுப்பார். பின்சக்கரம் அப்போது மேட்டில்தான் இருக்கும். எடை இல்லாமல் போனதும் அது துள்ளி எழும்பும், முன்பக்கம் தாழும், காற்றிலேயே ஹேண்டில்பாருக்கு மேலே உடம்பு சாயத் தொடங்கும். பார்க்கிறவர்கள் 'கிளிப் போட்டான், விழுந்தான்' என்று சொல்வார்கள். விழுந்ததற்குக் காரணம் விளிம்பில் இழுத்த இழுப்பு.

ஃப்ளாட் பெடல் இந்தத் திருட்டை அனுமதிக்காது. இழுத்தால் பாதம் கழன்று வந்துவிடும், அவ்வளவுதான். குதிகாலைத் தாழ்த்தி, பெடலைப் பாதத்தால் அமுக்கி, உடம்பால் பறக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும். அதனால்தான் முதலில் ஃப்ளாட் என்கிறேன். ஒரு ஜோடி சாதாரண ஃப்ளாட் பெடல் வாங்கிப் போட ஒரு பெடல் ஸ்பேனரும் பத்து நிமிஷமும் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும்.

2024 மார்ச் 3, மாலை

எங்கே பழகுவது என்ற கேள்விக்கு: செஸ்ட்நட் பூங்காவின் பம்ப் டிராக், அதாவது சின்னச் சின்ன மேடும் வளைவுமாகக் கட்டிய சுற்றுத் தடம். ஜம்ப்புக்கு அது எதற்கு என்று கேட்காதீர்கள். மிதிக்காமல், மேட்டில் இளகி, இறக்கத்தில் அழுத்தி ஒரு சுற்று முழுக்க வேகம் குறையாமல் வர முடிந்தால், விளிம்பில் அழுத்துவது எப்படி என்று உங்கள் காலுக்குத் தெரிந்துவிட்டது. வர முடியவில்லை என்றால் ஜம்ப்புக்கு இன்னும் நேரம் வரவில்லை.

2024 மார்ச் 9

டென்ஷன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகைக் கிளிப் பெடலில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், 3 மில்லிமீட்டர் அல்லன் கீ போதும். இரண்டு பெடல், இரண்டு பக்கம், ஆக நான்கு ஸ்க்ரூ. கடிகார முள் போகும் திசையில் திருப்பினால் இறுகும், எதிர்த்திசையில் இளகும். திருப்பும்போது டிக் டிக் என்று படிப்படியாக விரலுக்குத் தெரியும். நான்கிலும் ஒரே அளவு வைக்க வேண்டும். ஒரு பக்கம் இறுகியும் மறு பக்கம் இளகியும் இருந்தால், எந்தப் பக்கம் மிதித்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து கால் ஒரு நாள் சுலபமாக வரும், ஒரு நாள் வராது. அவசரத்தில் அந்தச் சந்தேகமே ஆளைக் கவிழ்த்துவிடும்.

புதிதாகக் கிளிப் பழகுகிறவருக்கு முழுசாக இளக்கி வைப்பது சரி. சிக்னலில் நிற்க, மேட்டில் தடுமாற, புல்லில் பழக அதுதான் நல்லது. ஜம்ப்புக்கு அது ஆகாது. காற்றில் சைக்கிள் கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பினாலே குதிகால் பெடலுக்குக் குறுக்கே திரும்பிவிடும். இளகிய ஸ்பிரிங் அதை 'இறங்கப் போகிறார்' என்று எடுத்துக்கொண்டு காலை விட்டுவிடும். ஒரு கால் பெடலில், ஒரு கால் காற்றில் என்று தரையிறங்குவதைவிட இரண்டு காலும் பூட்டியே தரையிறங்குவது எவ்வளவோ மேல்.

என் அளவுகோல் இது: உட்கார்ந்த நிலையில் குதிகாலை வெளியே திருப்பினால் யோசிக்காமல் கழல வேண்டும். எழுந்து நின்று முட்டியை இரு பக்கமும் ஆட்டினால் கழலக் கூடாது. முழுசாக இளக்கிய நிலையிலிருந்து நாலைந்து டிக் இறுக்கிவிட்டுச் சோதித்துப் பாருங்கள். ஆளுக்கு ஆள் எடையும் பலமும் மாறும், அதனால் என் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2024 மார்ச் 10

டென்ஷனைவிட முக்கியமான ஒன்று நேற்று விட்டுப்போனது: எந்த கிளீட்? ஷூவின் அடியில் மாட்டி, பெடலில் போய்ப் பூட்டிக்கொள்ளும் உலோகத் துண்டுதான் கிளீட்.

எஸ்பிடி கிளீட்டில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு. எஸ்எச் 51, கறுப்பு நிறம். பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும். எஸ்எச் 56, வெள்ளி நிறம். பக்கவாட்டிலும் கழலும், பலமாக மேலே இழுத்தாலும் கழலும். 'பல வழியில் கழலும், பயப்படாமல் வாங்குங்கள்' என்று புதியவர்களுக்கு எஸ்எச் 56தான் பரிந்துரைக்கப்படுகிறது. அவர்களுக்கு அது நல்ல கிளீட். அதோடு ஜம்ப் போகக் கூடாது.

கேத்தாமில் என் நண்பருக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். இடுப்பு உயரம்கூட இல்லாத ஒரு மேடு. விளிம்பில் அவர் வழக்கம்போல இழுத்தார். வலது பாதம் 'டக்' என்று மேலே கழன்றது, அந்தச் சத்தம் பின்னால் வந்த எனக்கே கேட்டது. இடது கால் பெடலோடு இருந்தது. காலில்லாத வலது கிராங்க், அதாவது பெடலைத் தாங்கும் தண்டு, பின்னோக்கிச் சுழன்று பெடலின் விளிம்பு அவர் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் இறங்கியது. சைக்கிளை எப்படியோ நிறுத்திவிட்டார். காலுறையை இறக்கிப் பார்த்தபோது எலும்பின் மேல் தோல் நீளமாகப் பிளந்திருந்தது, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. கிளினிக் போய்த் தையல் போடுவதற்கு முன் படகுத்துறைக்குத் திரும்ப வேண்டும், பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும். அன்றைக்குப் பாக்கி இடங்களுக்கும் நாங்களே காசு கொடுத்துப் படகை எடுக்கச் சொன்னோம்.

உபினில் ஜம்ப் போகிறவர்கள் முழங்கால் கவசத்தோடு அதற்குக் கீழே முன் எலும்பை மூடும் கவசமும் போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். 995 எண்ணைக் கூப்பிட்டால் உதவி வரும், ஆனால் அது தீவு, தாமதம் ஆகும் என்பதை மனதில் வைத்து ஓட்டுங்கள்.

2024 மார்ச் 17

'உலக சாம்பியன்கள் ஃப்ளாட்தான் போடுகிறார்கள்' என்று ஒருவர் எழுத, 'இல்லை, கிளிப்தான்' என்று இன்னொருவர் எழுத, சண்டை வளர்கிறது. இரண்டு பேருமே பாதி சொல்கிறீர்கள்.

ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2006, 2007, 2010 என மூன்று முறை டவுன்ஹில், அதாவது மலை இறக்கப் பந்தய உலக சாம்பியன். பிறகு பல இறக்கங்களின் நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் எண்டூரோ உலகத் தொடரில் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று பட்டம். ஃப்ளாட் பெடலுக்குப் பேர்போனவர் அவர். தென்னாப்பிரிக்காவின் கிரெக் மின்னார் 2003, 2012, 2013, 2021 ஆண்டுகளின் உலக சாம்பியன், கிளிப் ஆள். கடைசிப் பட்டம் வாங்கியபோது வயது 39. இரண்டு பேரும் அதே மாதிரி மலையில், அதே மாதிரி ஜம்ப்புகளைத்தான் தாண்டினார்கள்.

எனக்கு இவர்களையெல்லாம்விடப் பாடமாக இருப்பது அமெரிக்காவின் ஆரன் க்வின் 2015இல் ஆஸ்திரியாவின் லியோகாங்கில் ஜெயித்த ஓட்டம். கிளம்பிய உடனே அவர் செயின் அறுந்துபோனது. கீழே வரை ஒரு மிதிகூட மிதிக்க முடியாது. கிளிப்போடுதான் இருந்தார். மேட்டிலும் வளைவிலும் பாதத்தால் அழுத்தி எடுத்த வேகத்தை வைத்தே உலகக் கோப்பைப் பந்தயத்தை ஜெயித்தார். அந்தக் காணொளியை முகத்தைப் பார்க்காமல் முழங்காலை மட்டும் பார்த்து ஒரு தடவை ஓடவிடுங்கள். கிளிப்பை அவர் இழுக்கப் பயன்படுத்தவே இல்லை.

2024 மார்ச் 18

ஆமாம், செங்குத்தான மலைச் சரிவில் பறந்து வித்தை காட்டும் ரெட் புல் ராம்பேஜ் போட்டியில் பெரும்பாலும் ஃப்ளாட்தான். காற்றில் காலை எடுத்து வித்தை காட்டுகிறவர்களுக்குக் கிளிப் எதற்கு? அது வேறு விளையாட்டு, நம் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

2024 ஏப்ரல் 6

கால் மாட்டிக்கொள்வது பற்றி இப்போது எழுதுகிறேன். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். இடம் உண்டு. ஆனால் ஸ்பிரிங் இறுக்கமாக இருப்பதால் மாட்டுவது குறைவு. நான் பார்த்தவரை பெரும்பாலும் கிளீட் போல்ட் இளகித்தான் மாட்டுகிறது.

கிளீட்டை ஷூவோடு பிடித்திருப்பது இரண்டு போல்ட். அதில் ஒன்று விழுந்து மற்றது இளகினால், குதிகாலைத் திருப்பும்போது ஷூ திரும்பும், கிளீட் திரும்பாது. நீங்கள் எவ்வளவு முறுக்கினாலும் பெடலுக்கு அந்தச் செய்தி போகாது. எனக்கு இது நடந்தது, நல்லவேளையாக ஜம்ப்பில் இல்லை, புக்கிட் தீமா ட்ரெயில் முடிந்து நிற்கும் இடத்தில். இடது கால் சுழல்கிறது, கழலவில்லை. மரத்தைப் பிடித்துக்கொண்டு ஷூவின் பட்டையைத் தளர்த்தி, காலை உருவி, ஷூ பெடலிலேயே தொங்க இறங்கினேன். கிளீட்டைக் கடையில் மாட்டி வாங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மாட்டியவர் கையால் இறுக்கியதோடு விட்டிருந்தார் போல.

அதன்பின் அந்த வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை. போல்ட்டின் மரையில் கொஞ்சம் கிரீஸ், 4 மில்லிமீட்டர் அல்லன் கீ, 5 முதல் 6 நியூட்டன் மீட்டர் இறுக்கம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்கள் இரவல் வாங்கியாவது ஒரு தடவை அந்த இறுக்கத்தைக் கையால் உணர்ந்துகொள்ளுங்கள், நாம் நினைப்பதைவிட அதிகம். புது கிளீட் போட்டால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி இறுக்க வேண்டும், ஏனென்றால் கிளீட்டின் பல் ஷூவின் அடியில் பதிந்து இடம் பிடித்ததும் போல்ட் கொஞ்சம் இளகும். நம் ஊர் ஈரத்தில் போல்ட் தலை துருப்பிடித்து அல்லன் கீ வழுக்கத் தொடங்கினால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஜம்ப் போகும் நாளில், வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஷூவைக் கவிழ்த்து கிளீட்டைக் கட்டைவிரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் ஜம்ப் இல்லை.

2024 ஏப்ரல் 7

'காற்றில் இருக்கும்போதே தப்பாகப் போகிறது என்று தெரிந்தால் என்ன செய்வது?' நல்ல கேள்வி.

ஃப்ளாட்டில் பழகியவர் சைக்கிளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் குதிப்பார். கிளிப்பில் அதை எதிர்பார்க்காதீர்கள். காற்றில் குதிகாலைத் திருப்பினால் ஊன்றுவதற்குத் தரை இல்லாததால் சைக்கிளும் கூடவே திரும்பும். ஒரு கால் முதலில் கழலும், சைக்கிள் மற்ற காலில் தொங்கும். அதனால் கிளிப் போட்டவர் எடுக்க வேண்டிய முடிவு விளிம்புக்கு முன்னாலேயே எடுக்கப்பட வேண்டும். வேகம் போதாது, கோடு தப்பு, முன்னால் போனவர் எழுந்திருக்கவில்லை, மனசு ஒப்பவில்லை, எதுவாக இருந்தாலும் சரி: மேடு தொடங்கும் முன் பிரேக், நில், இறங்கு. விளிம்பைத் தாண்டிவிட்டால் சைக்கிளோடு தரையிறங்குவது மட்டுமே திட்டம். முன்பக்கம் தாழ்கிறதா, ஹேண்டில்பாரை இழுக்காதீர்கள், இடுப்பைப் பின்னால் கொண்டுபோய்ப் பாதத்தை முன்னோக்கித் தள்ளுங்கள்.

விழுந்தே விட்டால்? பெரும்பாலும் உடம்பு உருளும்போது குதிகால் தானே முறுக்கிக் கழன்றுவிடும். இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை, பெடல் வேலை செய்யும் விதமே அப்படி. கிளீட் தேயாமல், போல்ட் இறுக்கமாக, டென்ஷன் அளவாக இருந்தால்தான் இது நடக்கும்.

2024 ஏப்ரல் 20

'முதலில் ஃப்ளாட்' என்று மார்ச்சில் ஒரே போடாகப் போட்டேன். கொஞ்ச நாளாக அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன், காரணம் ஒரு அக்கா எழுதிய குறிப்பு. அவர் சின்ன வயதில் பிஎம்எக்ஸ், அதாவது மேடுகள் நிறைந்த தடத்தில் சின்னச் சக்கர சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், கிளிப்பில்தான் ஜம்ப் கற்றுக்கொண்டாராம்.

அவர் சொல்வது நியாயம். பிஎம்எக்ஸ் பந்தயக்காரர்கள் எட்டு மீட்டர் உயர மேடையிலிருந்து கிளம்பி, வரிசையாக வரும் மேடுகளைக் கிளிப்போடுதான் தாண்டுகிறார்கள். 2010இல் இங்கே நடந்த இளையோர் ஒலிம்பிக்ஸுக்குத் தெம்பனிஸ் பைக் பார்க்கில் பிஎம்எக்ஸ் பந்தயம் வைத்தார்கள். அந்தத் தடத்தில் பிள்ளைகள் பறந்ததைப் பார்த்தவர்கள் யாரும் 'கிளிப் என்றால் ஜம்ப் கூடாது' என்று சொல்ல மாட்டார்கள். அந்தப் பார்க் 2014இல் மூடப்பட்டது இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. அங்கே சின்ன மேடு, நடுத்தர மேடு, பெரிய மேடு என்று படிப்படியாக இருந்தது. அதன்பின் இங்கே பழகியவர்களுக்கு அந்த ஏணி இல்லாமல் போனது, பெரும்பாலும் ட்ரெயிலில் வருவதுதான் கிடைத்தது.

அந்த அக்காவுக்குப் பயிற்சியாளர் இருந்தார், அளவெடுத்துக் கட்டிய மேடு இருந்தது, ஒரே மேட்டை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போக முடிந்தது. இழுக்கும் பழக்கம் வந்தால் அன்றைக்கே ஒருவர் பார்த்துத் திருத்தியிருப்பார். ஆகவே என் பேச்சை இப்படி மாற்றிக்கொள்கிறேன்: பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்ல ஆள் இருந்தால் கிளிப்பிலேயே கற்கலாம். தனியாகக் கற்கிறவருக்கு ஃப்ளாட்தான் பயிற்சியாளர்.

2024 மே 11

கிளீட்டை எங்கே வைப்பது?

ரோடு சைக்கிள்காரர்கள் கட்டைவிரல் கீழ் இருக்கும் பந்துக்கு நேராக வைப்பார்கள். ஜம்ப் போக அதைக் குதிகால் பக்கம் பின்னால் தள்ளுங்கள், ஷூவின் அடியில் கிளீட் நகரும் காடி எவ்வளவு விடுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு. தரையிறங்கும்போது எடை பெடல் அச்சின் மேல் நேராக விழும், கணுக்கால் மடங்காது, கெண்டைச் சதை பிடிக்காது. குதிகாலைத் தாழ்த்தி வைப்பதும் சுலபமாகிறது. டவுன்ஹில்லுக்கென்றே செய்யும் ஷூக்களில் அந்தக் காடி பின்பக்கம் நீளமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பின்னால் தள்ளியதும் கழலும் உணர்வு மாறும், குதிகாலுக்கும் கிளீட்டுக்கும் இடையே தூரம் குறைகிறது அல்லவா. அதே அளவுக்குக் கழல குதிகாலில் இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும். இடம் மாற்றிய அன்றே ஜம்ப் போகாமல், புல்தரையில் ஏறி இறங்கிப் பழகிவிட்டுப் போங்கள்.

2024 மே 12

சேர்க்க வேண்டியது: கூண்டு வைத்த, அதாவது கிளிப்பைச் சுற்றி மிதிக்க ஒரு சட்டம் உள்ள கிளிப் பெடல் வாங்குகிறவர்கள் ஷூ அடியின் ரப்பர் கூண்டில் உரசுகிறதா பாருங்கள். ரொம்ப உரசினால் கழல்வது கடினமாகும், ரப்பரைக் கொஞ்சம் சீவலாம் அல்லது கிளீட்டுக்கு அடியில் மெல்லிய தகடு வைத்து உயர்த்தலாம். உரசாமல் இடைவெளியே விட்டால் பாதம் ஆடும். ஷிமானோவின் சாதாரண எம்520 மாதிரி கூண்டில்லாத பெடலைவிட, கூண்டு வைத்த பெடல் ஜம்ப்புக்கு நிம்மதி. தரையிறங்கும்போது ஒரு கால் கழன்றே விட்டாலும் மிதிக்க ஒரு இடம் இருக்கும்.

2024 ஜூன் 1

க்ராங்க் பிரதர்ஸ் என்ற நிறுவனத்தின் கிளிப் பெடல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அதில் டென்ஷன் ஸ்க்ரூ கிடையாது. கிளீட்டை இடதும் வலதும் மாற்றிப் போட்டால் கழலும் கோணம் 15 பாகையிலிருந்து 20 பாகைக்கு மாறும், அவ்வளவுதான். ஜம்ப்புக்கு 20 எனக்குப் பிடிக்கும், காற்றில் கொஞ்சம் திரும்பினாலும் விடாது. நாலு பக்கமும் திறந்திருப்பதால் மழை பெய்த மறுநாள் நம் செம்மண் சேறு அதில் அடைவது குறைவு. எஸ்பிடியில் சேறு அடைந்தால் கிளிப் பாதி மாட்டிய மாதிரி இருக்கும், சத்தம் வராது. அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு மேட்டை நோக்கிப் போகவே கூடாது. பாதி மாட்டிய கிளிப் விளிம்பின் அழுத்தத்தில் விட்டுவிடும்.

குறை என்றால், அதன் பித்தளை கிளீட் சீக்கிரம் தேயும். தேய்ந்த கிளீட் எப்போது விடும் என்று சொல்ல முடியாது. எஸ்பிடியின் இரும்பு கிளீட் நின்று உழைக்கும்.

2024 ஜூன் 15

'டோக்கியோ ஒலிம்பிக்ஸ் மலைச் சைக்கிள் பந்தயத்தில் நெதர்லாந்தின் வான் டெர் பூல் கிளிப் போட்டதால்தான் விழுந்தார்' என்று எழுதியவருக்கு: இல்லை. 2021 ஜூலையில் இஸுவில் நடந்த அந்தப் பந்தயத்தில், சகுரா டிராப் என்ற பாறை இறக்கத்தில் முதல் சுற்றிலேயே விழுந்தார். பயிற்சியின்போது அங்கே ஒரு பலகைச் சரிவு இருந்தது, பந்தயத்திலும் இருக்கும் என்று நினைத்து முன்சக்கரத்தைத் தாழ்த்திப் போனார், சரிவு இல்லை. அதே இறக்கத்தை பிரிட்டனின் டாம் பிட்காக்கும் கிளிப்போடுதான் தாண்டித் தங்கம் வாங்கினார்.

இதிலிருந்து நம் பேச்சுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தெரிந்த ட்ரெயிலாக இருந்தாலும் அன்றைக்கு முதல் சுற்றில் ஜம்ப் போகாதீர்கள். நடந்தோ மெதுவாக உருட்டியோ போய் மேட்டையும் இறங்கும் இடத்தையும் பாருங்கள். மழையில் விளிம்பு கரைந்திருக்கும், யாரோ கல் வைத்திருப்பார்கள், மரம் விழுந்திருக்கும்.

2024 ஜூன் 29

கேள்வி கேட்ட தம்பி ஃப்ளாட்டில் பழகிவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறார். செஸ்ட்நட்டில் மிதிக்காமல் சுற்று வருகிறாராம், கேத்தாமில் சின்ன மேட்டில் இரண்டு சக்கரமும் ஒன்றாக இறங்குகிறதாம். ரொம்ப சந்தோஷம். 'இப்போது கிளிப்புக்குத் திரும்பலாமா?' என்கிறார்.

திரும்பலாம். எஸ்எச் 51 கிளீட், நான் சொன்ன சோதனையில் தேறும் டென்ஷன், கிளீட் பின்னால். ஃப்ளாட்டில் நீங்கள் நன்றாகப் போன அதே மேட்டில்தான் தொடங்க வேண்டும், புது மேடு வேண்டாம். அதுவும் மேலே தட்டையாக நிரப்பிய டேபிள்டாப்பாக இருக்கட்டும். தூரம் போதாமல் போனாலும் நடுவில் தரை இருக்கும். நடுவில் பள்ளம் உள்ள மேட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது. நண்பரை விளிம்புக்குப் பக்கவாட்டில் நிற்கவைத்து போனில் மெதுவோட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். படத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பின்சக்கரம் விளிம்பைத் தாண்டும் நொடியில் குதிகால் தாழ்ந்திருக்கிறதா, தூக்கியிருக்கிறதா. தூக்கியிருந்தால் பழைய இழுப்பு திரும்பி வந்துவிட்டது, மறுபடி ஃப்ளாட் மாட்டுங்கள். மாதம் ஒரு முறையாவது நான் இன்றும் அப்படி மாட்டி ஓட்டுகிறேன், கால் சோம்பேறி ஆகாமல் இருக்க.

முகத்தை மூடும் ஹெல்மெட் இரவல் கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கிடைத்தாலும் வேண்டாம், தலைக்குச் சரியாகப் பொருந்தாத ஹெல்மெட் விழும்போது நகரும். உங்கள் தலை அளவுக்குப் புதிதாக வாங்குங்கள்.

சஸ்பென்ஷன் ரீபவுண்ட் பற்றி கேட்டவர்கள் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன். இங்கே கலந்தால் பெடல் பற்றித் தேடி வருகிறவர்களுக்கு எதுவும் கிடைக்காது.